தேர்தலில் தோற்ற கட்சி உடையப்போகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தேர்தல் முடிவு வந்த மறுநாள் தோற்ற கட்சியின் அலுவலகத்தில் கேட்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். யார் உள்ளடி வேலை பார்த்தது, யார் பூத் காசை அமுக்கியது, கூட்டணிக்காரன் ஓட்டு ஏன் நமக்கு விழவில்லை. இந்தச் சத்தத்தை வைத்து கட்சி உடையப்போகிறது என்று முடிவு கட்டினால் பத்துக்கு எட்டு முறை தப்பாகத்தான் போகும். உடையப்போகும் கட்சியில் முதலில் கெட்டுப்போகும் இடம் வேறு. அதை எங்கே தேடுவது என்பதற்குத்தான் இந்த வழிமுறை.

ஆட்சி கையில் இருக்கும்வரை பதவி, ஒப்பந்தம், வாரியத் தலைவர் நாற்காலி என்று ஏதாவது கொடுத்து எந்தக் கேள்வியையும் மூடிவைத்துவிடலாம். தோற்றபிறகு கொடுக்க எதுவும் இருக்காது. மூடிவைத்த கேள்வி வெளியே வரும். அந்தக் கேள்வி பெரும்பாலும் கொள்கை பற்றியது அல்ல. கட்சியின் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதுதான். பேச்சைக் கேட்பதைக் குறைத்து, கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான சோதனைகள்தான்.

2021 தோல்விக்குப் பிறகு அ.தி.மு.க.வில் நடந்ததை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நோய் படிப்படியாக முற்றியதை நாள் வாரியாகப் பார்க்க முடிகிற கேஸ் அது. மற்ற கட்சிகளை, கணக்கு வேறு மாதிரி வரும் இடங்களில் மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி 1: எல்லோரும் எல்லோரையும் திட்டுகிறார்கள்

இது மட்டும்தான் இருக்கிறது என்றால் எதையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். விட்டுவிடுங்கள், ஆறும்.

2011-ல் தி.மு.க. 23 இடங்களில் சுருண்டது. தே.மு.தி.க. 29 வாங்கியதால் எதிர்க்கட்சி அந்தஸ்துகூடக் கிடைக்கவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் ஓர் இடமும் இல்லை. நடுவில், 2014 மார்ச்சில், தலைவரின் மகனும் முன்னாள் மத்திய அமைச்சருமான மு.க.அழகிரியே கட்சியை விட்டு நீக்கப்பட்டார். சத்தத்துக்குக் குறைவில்லை. இருந்தும் கட்சி உடையவில்லை. சின்னத்துக்கு யாரும் மனுப் போடவில்லை, போட்டிப் பொதுக்குழு கூடவில்லை. தலைவர் கருணாநிதி, பொதுச்செயலாளர் அன்பழகன், படிவத்தில் யார் கையெழுத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் காரணம்.

இங்கே செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. திட்டுபவர் அடுத்த செயற்குழுவுக்கு வருகிறாரா? வந்தால் அது கோபம். வராமல் தன் ஊரில் 'ஆதரவாளர்கள் ஆலோசனைக் கூட்டம்' போட்டால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் போதவில்லை

2021 மே 2-ஆம் தேதி முடிவு வந்தது. அ.தி.மு.க. 66 இடங்கள், கூட்டணியோடு 75. பத்தாண்டு ஆட்சிக்குப் பிறகான தோல்விக்கு இது மோசமான கணக்கே இல்லை. எதிர்க்கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க மே 7-ல் கூடிய கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. மே 10-ல் மறுபடி கூடி எடப்பாடி பழனிசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓ.பன்னீர்செல்வம் துணைத் தலைவரானது ஜூனில்.

மூன்று நாள் தாமதம் பெரிய விஷயமா? மற்ற கட்சியில் இல்லை. இந்தக் கட்சியில் ஆமாம். ஏனென்றால் கட்சிக்கு ஒருங்கிணைப்பாளர் பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் பழனிசாமி. பதவிப் பெயரைப் பார்த்தால் முதலாமவர் மேலே. ஆனால் முதலமைச்சராக இருந்தவர் இரண்டாமவர். 2020 அக்டோபரில் முதல்வர் வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்டவரும் அவர்தான். பதிலுக்கு பன்னீர்செல்வம் தரப்புக்குக் கிடைத்தது 11 பேர் கொண்ட வழிகாட்டுதல் குழு. ஆட்சி இருந்தவரை இந்தச் சமன்பாடு ஓடியது. ஆட்சி போனபிறகு சம்பளமும் கொடியும் காரும் உள்ள ஒரே நாற்காலி எதிர்க்கட்சித் தலைவருடையது. அதற்கும் பழனிசாமியே வந்து உட்கார்ந்தபோது ஏட்டில் இருந்த பதவி வரிசை செல்லாமல் போனது.

சோதனை: கட்சிப் பதவியில் மேலே இருப்பவரும் சட்டமன்றத்தில் மேலே இருப்பவரும் ஒரே ஆளா? இல்லையென்றால், இருவருக்கும் இடையே எழுத்தில் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா? 'அண்ணன் தம்பியா இருக்கோம்' என்பது ஏற்பாடு ஆகாது.

சரி செய்ய வேண்டுமென்றால் அதற்கான காலம் இந்த முதல் சில வாரங்கள்தான். தோற்ற அதிர்ச்சியில் எல்லோரும் கொஞ்சம் இறங்கிவருவார்கள். ஓராண்டு கழித்து மாவட்டச் செயலாளர்கள் ஒரு பக்கம் சாய்ந்தபிறகு இறங்கிவரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

அறிகுறி 3: ஒரே விஷயத்துக்கு இரண்டு அறிக்கை, பேனரில் ஒருவர் படம் சிறுத்துக்கொண்டே போகிறது

தமிழ்நாட்டுக் கட்சி அரசியலில் பேனர் படத்தின் அளவு அச்சிடுபவர் முடிவு செய்வது இல்லை என்பது கிளைச் செயலாளருக்கும் தெரியும். ஆனால் பேனரை மட்டும் நம்பாதீர்கள். அது உள்ளூர் ஆளின் கணக்காகவும் இருக்கலாம். நாளேட்டைப் பாருங்கள். 2022 ஜூன் கடைசியில் 'நமது அம்மா' நாளிதழில் நிறுவனர்கள் என்று அதுவரை அச்சாகிக்கொண்டிருந்த இரண்டு பெயர்களில் பன்னீர்செல்வத்தின் பெயர் காணாமல் போனது. கட்சி அதிகாரபூர்வமாக அவரை நீக்கியதற்கு இரண்டு வாரம் முன்பே நடந்தது இது. கட்சி ஏட்டின் முகப்பில் நடக்கும் மாற்றம் யார் கையில் நிர்வாகம் இருக்கிறது என்பதை அறிக்கைகளுக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒட்டுப்போட முயல்பவர்கள் வழக்கமாகச் செய்வது இருவரையும் ஒரே மேடையில் நிறுத்திக் கைகோத்துப் படம் எடுப்பது. எடுங்கள், தப்பில்லை. அதனால் எதுவும் மாறாது.

அறிகுறி 4: 'ஒற்றைத் தலைமை வேண்டும்' என்று மாவட்டச் செயலாளர் கூட்டத்தில் குரல் எழுகிறது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். கட்சியின் சட்டதிட்ட விதிப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். பெரும்பாலான நிர்வாகிகள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மாவட்ட அலுவலக அலமாரியில் மாநாட்டு மலர்களுக்கு அடியில் கிடக்கும்.

அ.தி.மு.க. கதையை விதிகளின் வழியாகப் படித்தால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். எம்.ஜி.ஆர். வகுத்த விதிப்படி பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். அந்த மாதக் கடைசியில் பொதுக்குழு சசிகலாவை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. அப்புறம் சசிகலாவை எதிர்த்துப் பன்னீர்செல்வம் தொடங்கிய 'தர்மயுத்தம்', சசிகலாவுக்குச் சிறை, பழனிசாமி முதல்வர், இரட்டை இலை முடக்கம், 2017 ஆகஸ்டில் இரு அணிகளின் இணைப்பு. செப்டம்பர் 12-ல் கூடிய பொதுக்குழு சசிகலாவை நீக்கியது. ஜெயலலிதாதான் நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று சொல்லி அந்த நாற்காலியை மூடிவிட்டு, அதன் அதிகாரங்களை ஒருங்கிணைப்பாளருக்கும் இணை ஒருங்கிணைப்பாளருக்கும் சேர்த்துக் கொடுத்தது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் செல்லும். இருவரில் ஒருவர் மறுத்தால் என்ன? அதற்கு வழி எழுதப்படவில்லை.

எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான். வழக்கறிஞர்கள் நிறைந்த கட்சி. சசிகலா திரும்பி வருவதற்கான ஒவ்வொரு கதவையும் பார்த்துப் பார்த்து அடைத்தவர்கள், தங்களுக்குள் சண்டை வந்தால் தீர்க்க ஒரு வரிகூட எழுதவில்லை.

2021 டிசம்பரில், தோல்விக்கு ஏழு மாதம் கழித்து, இன்னொரு முடிச்சு விழுந்தது. செயற்குழு கூடி, இரு பதவிகளுக்கும் அடிப்படை உறுப்பினர்கள் ஒரே வாக்கில் இருவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று விதியைத் திருத்தியது. சில நாளில் இருவரும் போட்டியின்றித் தேர்வானார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். அது வருவதற்குள் 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் அடி விழுந்தது. ஜூன் 14-ல் மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்தில் ஒற்றைத் தலைமைக் குரல் பகிரங்கமாக எழுந்தது.

ஜூன் 23, சென்னை வானகரத்தில் பொதுக்குழு. முந்தின நாள் ராத்திரியே வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏற்கெனவே தயாரான 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் நிறைவேற்றக்கூடாது என்று விடியற்காலையில் உத்தரவு வந்திருந்தது. பொதுக்குழு என்ன செய்தது? அந்த 23-ஐயும் மொத்தமாக நிராகரித்தது. பன்னீர்செல்வம் வெளிநடப்புச் செய்தார். அவரை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. எல்லாத் தொலைக்காட்சியும் பாட்டிலையே திரும்பத் திரும்பக் காட்டின. சட்டப்படி முக்கியமானது வேறு. டிசம்பர் திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, ஆகவே இரண்டு பதவிகளுமே காலாவதி ஆகிவிட்டன என்று பழனிசாமி தரப்பு வாதிடத் தொடங்கியது. தன் பதவியும் சேர்ந்து போகிறதே என்று அவர் கவலைப்படவில்லை. பொதுக்குழுவில் ஆள் பலம் அவரிடம் இருந்தது.

ஆகவே 'ஒற்றைத் தலைமை' என்ற குரல் கேட்டதும் இந்தக் கேள்விகளுக்கு விதிப் புத்தகத்தில் பதில் தேடுங்கள். பொதுக்குழுவைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு? அவர் கூட்ட மறுத்தால் எத்தனை பேர் கேட்டால் கூட்டியாக வேண்டும்? அ.தி.மு.க.வில் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள். அந்த ஒரு விதியைப் பிடித்துத்தான், பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கிய ஜூலை 11 கூட்டமே நடந்தது. பதவி காலியானால் இடைக்காலத்தில் யார் நடத்துவது? செயற்குழு எடுத்த முடிவுகளில் பொதுக்குழு ஒப்புதலுக்குக் காத்திருப்பவை உண்டா? கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால், அவற்றுக்கு உடனே ஒப்புதல் வாங்குங்கள். சண்டை தொடங்கியபிறகு அந்த ஒப்புதலே ஆயுதமாகிவிடும்.

அறிகுறி 5: வேட்பாளர் இருக்கிறார், படிவத்தில் கையெழுத்து இல்லை

ஒரு கட்சி உள்ளுக்குள் உடைந்துவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. கட்சிச் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் ஏ படிவம், பி படிவம் என்ற இரண்டும் தேர்தல் அதிகாரியிடம் போக வேண்டும்; கட்சி அதிகாரம் கொடுத்தவரின் கையெழுத்து அவற்றில் இருக்க வேண்டும்.

2022 ஜூலையில் உள்ளாட்சி இடைத்தேர்தல். சின்னச் சின்ன இடங்கள்தான். படிவத்தில் கையெழுத்துப் போடுவோம், வாருங்கள் என்று பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளராகக் கடிதம் எழுதினார். அந்தப் பதவியே இப்போது இல்லையே என்று பழனிசாமி பதில் எழுதினார். நடுவில் மாட்டியவர்கள் வார்டுக்காரர்கள். இரட்டை இலை இல்லாமல் சுயேச்சையாக நிற்க வேண்டியதாயிற்று. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இலைக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய கிழவிகளிடம் போய் வேறு ஏதோ சின்னத்தைக் காட்ட வேண்டிய நிலை. இதற்கெல்லாம் யாரும் பொறுப்பேற்கவில்லை, கேட்கவும் இல்லை.

இந்த நிலையில் கட்சிக்குள் சரி செய்ய வழி கிடையாது; வெளியாள் வந்தால்தான் ஆகும். 2023 பிப்ரவரி ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதுதான் நடந்தது. உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஏற்பாடு சொன்னது: நீக்கப்பட்டவர்கள் உட்படப் பொதுக்குழு உறுப்பினர்கள் வேட்பாளரை முடிவு செய்யட்டும், அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் அதைத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பட்டும். படிவச் சிக்கல் தீர்ந்தது, பன்னீர்செல்வம் தன் வேட்பாளரை விலக்கிக்கொண்டார், இலை மீண்டும் வந்தது. தேர்தலில் காங்கிரஸின் ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 66,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சிக் கூட்டணியின் இடைத்தேர்தல் பலம் ஒருபுறம்; ஆனால் கையெழுத்து கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 6: தலைமை அலுவலகச் சாவி யாரிடம் என்று கேட்கிறார்கள்

இதற்குப் பிறகு கட்சிக்காரர் செய்யக்கூடியது குறைவு. 2022 ஜூலை 11 காலையில் வானகரத்தில் பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கியது. பன்னீர்செல்வம், வைத்திலிங்கம், மனோஜ் பாண்டியன், ஜே.சி.டி.பிரபாகர் ஆகியோரை நீக்கியது. அதே நேரம் பன்னீர்செல்வம் ராயப்பேட்டை அலுவலகத்துக்குள் போனார். வெளியே கல்வீச்சு, வாகனங்கள் நொறுங்கின. வருவாய்த் துறை வந்து சீல் வைத்தது. ஒன்பது நாள் கழித்து உயர் நீதிமன்றம் சீலை அகற்றிச் சாவியைப் பழனிசாமியிடம் கொடுக்கச் சொன்னது.

அலுவலகம் என்பது கௌரவம் மட்டும் அல்ல. சொத்து ஆவணம், உறுப்பினர் பதிவேடு, பழைய தீர்மானப் புத்தகம் எல்லாம் அங்கேதான். அடுத்தது வங்கி. பன்னீர்செல்வம் பொருளாளராகவும் இருந்தவர். அன்றைக்கே அந்தப் பொறுப்புக்குத் திண்டுக்கல் சீனிவாசனை அறிவித்தார்கள். நீங்கள் மாவட்டப் பொறுப்பில் இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: உங்கள் மாவட்ட உறுப்பினர் பட்டியலுக்கும் நிர்வாகிகள் பட்டியலுக்கும் நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பின்னால் இரு பக்கமும் பிரமாணப் பத்திரம் கேட்டு வரும்போது யார் பொதுக்குழு உறுப்பினர் என்பதுதான் முழு வழக்கும்.

ஏன் அப்படி? தேர்தல் சின்னங்கள் ஆணை, 1968. அதன் 15-ஆவது பத்தி. ஒரு கட்சியில் இரண்டு பிரிவு 'நாங்கள்தான் அசல்' என்று வந்தால் எது கட்சி என்று ஆணையம் முடிவு செய்யலாம். காங்கிரஸின் 1969 பிளவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-ல் ஏற்றுக்கொண்ட அளவுகோல், கட்சி அமைப்பிலும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடையிலும் யாருக்குப் பெரும்பான்மை என்பது. அ.தி.மு.க. பொதுக்குழுவில் சுமார் 2,660 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பழனிசாமி பக்கம். 66 எம்.எல்.ஏ.க்களில் பன்னீர்செல்வத்தோடு நின்றவர்கள் அவரையும் சேர்த்து நான்கு பேர். ஜூலை 11 பொதுக்குழு செல்லுமா என்ற வழக்கு மேலும் கீழும் போனது. 2022 ஆகஸ்ட் 17-ல் தனி நீதிபதி ஜூன் 23-க்கு முந்தைய நிலையே தொடரட்டும் என்றார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. மார்ச் 28-ல் பழனிசாமி பொதுச்செயலாளர். ஏப்ரலில் தேர்தல் ஆணையமும் ஏற்றது.

அறிகுறி 7: எம்.எல்.ஏ.க்கள் மட்டும் கழன்று போகிறார்கள்

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில், அதாவது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில், மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பதவி தப்பும் என்று இருந்தது. 2003 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியோடு இணைந்தால்தான் பாதுகாப்பு. அதனால் தோற்ற கட்சியில் அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள் போகாமலும் இருக்காமலும் உட்கார்ந்திருப்பார்கள். பன்னீர்செல்வம் நீக்கப்பட்ட பிறகும் சட்டமன்றத்தில் பழனிசாமிக்குப் பக்கத்து இருக்கையிலேயே 2024 பிப்ரவரி வரை உட்கார்ந்திருந்தார். இருக்கையை மாற்றுவது சபாநாயகர் கையில், சபாநாயகர் ஆளுங்கட்சி. வேறென்ன சொல்ல.

அறிகுறி 8: அமைப்பு முழுக்க நம்மிடம், கூட்டம் மட்டும் அந்தப் பக்கம் கூடுகிறது

இதுவரை சொன்னதை வைத்துப் பொதுக்குழுவைப் பிடித்தவன் ஜெயித்தான் என்று எண்ணிவிட்டால், இந்த அறிகுறியைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். பொதுக்குழு கொடுப்பது சின்னமும் கட்டடமும். ஓட்டு எந்தப் பக்கம் என்பது தனிச் சோதனை.

1977 மார்ச்சில் காங்கிரஸ் 154 இடங்களோடு தோற்றது. இந்திரா காந்தி ரே பரேலியிலேயே தோற்றார். கட்சித் தலைவராக பிரம்மானந்த ரெட்டி, நாடாளுமன்றத்தில் ஒய்.பி.சவான். அமைப்பு அவர்கள் கையில். 1978 ஜனவரி தொடக்கத்தில் இந்திரா டெல்லியில் தனி மாநாடு கூட்டித் தலைவரானார். பசுவும் கன்றும் சின்னம் போயிற்று, கை வந்தது. மக்களுக்கு அறிமுகமே இல்லாத அந்தச் சின்னத்தோடு பிப்ரவரியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அவர் ஆட்சியைப் பிடித்தார். 1980-ல் மக்களவையில் 353 இடங்கள். அமைப்பை வைத்திருந்த சவானும் பின்னால் அங்கேயே வந்து சேர்ந்தார்.

இலங்கையில் இன்னும் கொடூரமான உதாரணம். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் தலைமையை 1994 முதல் வைத்திருந்த ரணில் விக்கிரமசிங்க விடவில்லை. யானைச் சின்னத்தையும் விடவில்லை. சஜித் ஐக்கிய மக்கள் சக்தி என்று தொலைபேசிச் சின்னத்தோடு போனார். 2020 ஆகஸ்டில் அவருக்கு 54 இடங்கள். நாட்டின் மிகப் பழைய கட்சிகளில் ஒன்றான ஐ.தே.க.வுக்கு 2.15 சதவீத வாக்கு; எந்த மாவட்டத்திலும் ஒருவர்கூடத் தேறவில்லை, தேசியப் பட்டியலில் ஒரே ஓர் இடம். அந்த ஒற்றை இடத்தில் 2021-ல் நாடாளுமன்றம் வந்த ரணில் 2022-ல் ஜனாதிபதியே ஆனார் என்பது வேறு கதை. அதை எந்த வழிமுறையிலும் அடக்க முடியாது.

அ.தி.மு.க.வில் இந்தச் சோதனையின் விடை குழப்பமானது. 2024 மக்களவைத் தேர்தலில் இலை இருந்தும் ஓர் இடம்கூட இல்லை. பலாப்பழச் சின்னத்தில் ராமநாதபுரத்தில் நின்ற பன்னீர்செல்வமும் தோற்றார். ஆனால் 3 லட்சத்துக்கும் மேல் வாங்கி இரண்டாவது வந்தார், இலை மூன்றாவது. அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் களத்தில் இறங்கியிருந்தும் இவ்வளவு. அதனால் அவர் பக்கம் கூட்டம் இருக்கிறது என்று சொல்லலாமா? ஒரு தொகுதிக் கணக்கு, அதுவும் பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு. மாநிலம் முழுக்க அவருக்கு அப்படி ஓட்டு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அறிகுறி 9: 'இது கொள்கைப் பிரச்சினை' என்கிறார்கள்

சில சமயம் உண்மை. பிரிட்டனில் 1979-ல் தோற்ற தொழிற்கட்சி வலதும் இடதுமாகச் சண்டை போட்டது அணு ஆயுதம், ஐரோப்பா பற்றித்தான். ஆனால் அது உடைந்த நாளைப் பாருங்கள். 1981 ஜனவரி 24, வெம்பிளி சிறப்பு மாநாடு: தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எம்.பி.க்களிடமிருந்து எடுத்து, தொழிற்சங்கங்களுக்கு 40, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 சதவீதம் என்று பிரித்தார்கள். மறுநாளே நான்கு முன்னாள் அமைச்சர்கள் லைம்ஹவுஸில் பிரகடனம் வெளியிட்டார்கள். மார்ச்சில் தனிக் கட்சி. 1983-ல் தொழிற்கட்சி 27.6 சதவீதம், புதுக்கட்சியும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணி 25.4 சதவீதம். இடங்கள் 209-க்கு 23. கொள்கை இரண்டாண்டாகப் புகைந்தது, உடைத்தது தேர்வு விதி.

அதனால் கொள்கை என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது: எந்த விதி மாறினால் நீங்கள் இருப்பீர்கள்? பதில் வந்தால் பேசலாம். வராவிட்டால் அவர் முடிவெடுத்துவிட்டார்.

அறிகுறி 10: 'பிரிந்தவர்கள் எல்லோரும் ஒன்று சேர வேண்டும்' என்ற குரல்

கேட்க இனிமையாக இருக்கும். இதையும் நோய்க்குறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 5-ல் அ.தி.மு.க. மூத்தவர் செங்கோட்டையன் கோபிசெட்டிப்பாளையத்தில், நீக்கப்பட்டவர்களைச் சேர்க்கும் வேலையைத் தொடங்கப் பத்து நாள் கெடு வைத்தார். மறுநாளே அவர் பொறுப்புகளிலிருந்து கட்டம் கட்டப்பட்டார். அக்டோபர் கடைசியில் கட்சியிலிருந்தே நீக்கம். ஒற்றுமை கேட்டவருக்கே இதுவா என்று தொண்டர்கள் கொதித்தார்கள். கையெழுத்து வைத்திருப்பவர் இடத்திலிருந்து பார்த்தால், திரும்பி வரும் ஒவ்வொருவரும் அந்தக் கையெழுத்துக்கு ஒரு பங்காளி.

இணைப்பு எப்போது நிஜமாக நடக்கும்? இதே கட்சியில், நிலைத்து நின்ற இணைப்பு ஒருமுறை நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரண்டாகப் பிரிந்து, இலை முடங்கி, 1989 ஜனவரியில் சேவலும் இரட்டைப் புறாவுமாக நின்றார்கள். ஜெயலலிதா அணி 27 இடங்கள், ஜானகி அணி இரண்டு. ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார். யார் பக்கம் ஓட்டு என்பதில் சந்தேகமே மிச்சமில்லை. ஜானகி அரசியலை விட்டு ஒதுங்கினார், அணிகள் சேர்ந்தன, இலை திரும்பியது, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு தொகுதித் தேர்தலிலும் வென்றார்கள்.

இரண்டு தரப்பும் தனித்தனியே நின்று, ஒன்றுக்கு 27, இன்னொன்றுக்கு 2 என்று கணக்கு அப்பட்டமாக வந்தால் இணைப்புப் பேச்சுக்குப் போங்கள். தோற்றவர் விலகும்போது அவர் ஆட்களுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதும். கணக்கு இரண்டு பக்கமும் இழுபறியாக இருந்தால் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் ஒன்றியத்தில் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் வேலையைப் பாருங்கள்.